குசினிக் கல்லுக்குச் சீலர் பூசுமுன்

கிரனைட் மேடை போட்டவுடனே சீலர் (கல்லுக்குள் கறை இறங்காமல் தடுக்கப் பூசும் திரவம்) பூசத்தான் வேண்டும் என்பதில்லை. கிரனைட் என்று விற்கப்படும் கறுப்புக் கற்களில் பல உண்மையில் கப்ரோ அல்லது டொலரைட் என்னும் வேறு கற்கள். அவை இறுக்கமானவை, தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது. அதன்மேல் பூசிய சீலர் உள்ளே போக வழியில்லாமல் மேலேயே காய்ந்து கோடுகோடாக மங்கும். வெள்ளை, மஞ்சள், சாம்பல் நிறக் கற்களுக்கும் மாபிளுக்கும்தான் பெரும்பாலும் சீலர் தேவை.

முதலில் தண்ணீரால் சோதியுங்கள். சிங்க் ஓரம், அடுப்பு ஓரம், நடுப்பகுதி என மூன்று இடத்தில் ஒவ்வொரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். கல் கறுத்திருந்தால் உறிஞ்சுகிறது. 5 நிமிடத்திலேயே கறுத்தால் இரண்டு பூச்சு வேண்டும். நிறம் மாறவில்லையென்றால் காசைச் செலவழிக்க வேண்டாம்.

சீலர் செய்யாத வேலை ஒன்று உண்டு. தேசிக்காய், பழப்புளி, வினாகிரி பட்டு மாபிள் மங்குவது கறை அல்ல. மாபிளின் கல்சியம் காபனேற்றை அமிலம் கரைத்துவிடுகிறது. எத்தனை பூச்சு போட்டாலும் அதைத் தடுக்க முடியாது, மங்கிய இடத்தை மறுபடி பொலிஷ் பண்ணத்தான் வேண்டும். உங்கள் கல் எதுவென்று தெரியாவிட்டால், கண்ணில் படாத ஓரத்தில் ஒரு துளி தேசிப்புளி விட்டு 5 நிமிடம் பாருங்கள். நுரைத்தாலோ மங்கினாலோ மாபிள் போலவே நடத்துங்கள். நாளாந்தம் தேங்காய்ப்பாலும் புளியும் கையாளும் குசினிக்கு மாபிள் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திருகோணமலையில் நாள் பார்த்துப் பூசுவது முக்கியம். மாரியில், நவம்பர், டிசம்பரில், கல்லின் நுண்துளைகளில் ஈரம் நிற்கும். ஈரம் நிற்கும் துளைக்குள் சீலர் இறங்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேரம் யன்னலோரக் கல் சுடும். பூசிய சீலர் ஊறுமுன்பே காய்ந்து பிசுபிசுக்கும். மாரி முடிந்தபின் ஒரு வெயில் வாரத்தில், கல் குளிர்ந்திருக்கும் காலையில் தொடங்குவதே நல்லது.

முதல்நாள் பாத்திரம் கழுவும் சோப் சில துளி கலந்த வெந்நீரால் கழுவி, சோப் போகும்வரை துடைத்து, மின்விசிறி போட்டு 24 மணித்தியாலம் காயவிடுங்கள். தாளித்த எண்ணெய்ப் பசை அடுப்போரம் கட்டாயம் இருக்கும். அதை அசிற்றோன் நனைத்த துணியால் எடுங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் கல்லுக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள், உடனே நிறுத்துங்கள். அசிற்றோனும் கரைப்பான் கலந்த சீலரும் தீப்பற்றும். காஸ் சிலிண்டரை மூடி, யன்னல்களைத் திறந்த பிறகே போத்தலைத் திறவுங்கள்.

வாங்கவேண்டியது கல்லுக்குள் ஊறும் வகைச் சீலர். வார்னிஷ் போல மேலே படலம் கட்டுவது குசினிக்கு உதவாது, உரியும். 10 அடி நீளம் 2 அடி அகல மேடைக்கு 250 மில்லிலீற்றர் தாராளம். நூல் உதிராத துணியால் 2 அடி 2 அடியாகப் பூசி, போத்தலில் சொன்ன நேரம் (பொதுவாக 5 முதல் 10 நிமிடம்) ஈரமாகவே வைத்திருந்து, மிச்சத்தை உலர்ந்த துணியால் முழுவதும் துடைத்தெடுங்கள். சிங்குக்கு வெட்டிய விளிம்பு பொலிஷ் இல்லாதது, மற்ற எந்த இடத்தையும்விட அதுவே அதிகம் குடிக்கும். கைக்கு எட்டுமானால் அதை விட்டுவிடாதீர்கள். பிறகு 24 மணித்தியாலம் தண்ணீர் படக்கூடாது. மறுநாள் மங்கலாகத் தெரிந்தால் அதே சீலரைக் கொஞ்சம் விட்டு, ஓரிரு நிமிடத்தில் அழுத்தித் துடைத்தால் காய்ந்தது இளகி வந்துவிடும்.

எண்ணெய்க் கறை ஏற்கெனவே இறங்கியிருந்தால், பூசுமுன் எடுத்துவிட வேண்டும். அப்பச்சோடாவைத் தண்ணீரில் களியாகக் குழைத்து கால் அங்குலத் தடிப்பில் அப்பி, பொலித்தீனால் மூடி ஓரங்களை ஒட்டி 24 மணித்தியாலம் விடுங்கள். பிறகு பொலித்தீனை எடுத்து முற்றாகக் காயவிடுங்கள். காயும்போதுதான் களி எண்ணெயை மேலே இழுக்கும், அவசரப்பட்டு ஈரத்தோடு வழித்தால் பலன் பாதிதான். மஞ்சள்தூள் கறைக்குத் தண்ணீருக்குப் பதில் பாமசியில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெரொக்சைட். கறுப்புக் கல்லை அது வெளுக்கக்கூடும், மூலையில் சோதித்துவிட்டுப் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாகவும் மங்கும், வெயில் விழும் இடமானால் சில நாள் பொறுத்துப் பார்க்கலாம்.

கடலோரக் கிணற்றுத் தண்ணீர் பாவிப்பவர்கள் ஒவ்வொரு இரவும் குழாயடியைத் துடைத்து உலர விடுங்கள். உப்பும் சுண்ணாம்பும் தண்ணீர் காயும் இடத்தில்தான் படியும். கிரனைட்டில் படிந்ததை ரேசர் பிளேட்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டலாம், மாபிளில் கீறும்.

சிங்கைச் சுற்றி மட்டும் காயாத ஈரம்போலக் கறுப்புக் கரை இருந்தால், பலமுறை தண்ணீரைக் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் அது சிங்க் ஓரத்தை அடைக்கப் பூசிய சாதாரண சிலிக்கனிலிருந்து கசிந்த எண்ணெய். இயற்கைக் கல்லுக்கென்று விற்கும் சிலிக்கன் தனியாக உண்டு. பாஸ் வந்து சிங்க் பொருத்தும் நாளில், வினாகிரி வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கன் ரியூப்பை எடுத்தால் மாற்றச் சொல்லுங்கள்.