தபால்காரர் படிக்கிற மாதிரி

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் இணையப் பாதுகாப்பு சொல்லித் தருகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் பென்ஷன்காரர்களும் ஒரே பெஞ்சில்தான். பெரியவர்களுக்கு எதைத் தொட்டாலும் பயம், பொடிசுகளுக்கு எதிலும் பயமில்லை. கலந்து உட்கார வைத்தால் கொஞ்சம் சரியாகும் என்று ஒரு கணக்கு.

போன வாரம், 'பில் கட்டவில்லை, இன்றிரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும்' என்று வருமே, அந்த மெசேஜை எடுத்துக்கொண்டோம். கீழே ஒரு லிங்க். "பூட்டுப் படம் இருக்கு சார், சேஃப்தான்" என்றான் ஒரு பையன். ஒரு காலத்தில் நானும் அப்படிச் சொல்லிக்கொடுத்தவன்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாம் அனுப்புவதை வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது, பூட்டுக்கு அவ்வளவுதான் அர்த்தம். போய்ச் சேருகிற இடமே திருடன் வீடாக இருக்கலாம். அவனுக்கும் அந்தப் பூட்டு இலவசமாகவே கிடைக்கிறது.

போர்டில் 'மின்வாரியம்.பில்கட்ட.காம்' என்று எழுதினேன். எல்லார் கண்ணும் 'மின்வாரியம்' என்பதிலேயே நின்றுவிட்டது. பின்வரிசையிலிருந்து ரிட்டயர்டான தபால்காரர் ஒருவர், "நாங்க கவரைக் கீழேருந்துதான் பாப்போம் தம்பி. முதல்ல பின்கோடு, ஊரு, அப்புறம் தெரு. ஆள் பேரு கடைசியில" என்றார்.

டொமைன், சப்-டொமைன் என்று நான் மூச்சு முட்டப் பேசியதெல்லாம் இதில் அடங்கிவிட்டது. தொடக்கத்து 'https://'-ஐ விட்டுவிட்டு, அதற்கடுத்து வருகிற முதல் சாய்கோட்டுக்கு முன்னால் நிறுத்தி, வலது ஓரத்திலிருந்து படிக்க வேண்டும். 'காம்' ஒட்டி நிற்கிற 'பில்கட்ட'தான் வீட்டுக்காரர். 'மின்வாரியம்' அவர் வாசலில் மாட்டிய போர்டு.

வகுப்பு முடிந்ததும் ஒரு அம்மா தயங்கித் தயங்கி வந்தார். "பணம் நமக்கு வரணும்னாலும் பின் நம்பர் போடணுமா தம்பி?" பழைய கட்டிலை விற்கப் போட்டிருக்கிறார். வாங்குவதாகச் சொன்னவன் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, 'ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்' என்றானாம். நேற்று ராத்திரி 4,000 ரூபாய் போயிருக்கிறது. மகன் திட்டுவான் என்று வீட்டில் மூச்சுவிடவில்லை.

யுபிஐ பின் போட்டால் பணம் நம்மைவிட்டுப் போகும். பணம் வருவதற்கு அந்தப் பின் நம்பர் தேவையே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் பாடமா எடுப்பது? உடனே சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு, ஏற்கெனவே ஒரு ராத்திரி போய்விட்டது. இணைய மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கு அடிக்கப் போனை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த நம்பர் மட்டும் நெசமான்னு எப்படித் தெரியும்?"

நியாயம்தானே. அந்த நம்பர் போட்டிருக்கிற அரசுத் தளத்தைத் திறந்து, முகவரியைத் தபால்காரரிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வலது ஓரத்தில் விரல் வைத்தார்.

"இன்... கவ்... சைபர்கிரைம். சரிதான், அடிங்க."