எங்கள் தாத்தா இருந்தது கல்ட்டா?

போன மாதம் ஆபீஸ் கேன்டீனில் ஜோன்ஸ்டவுன் பற்றிப் பேச்சு வந்தது. 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவின் கயானா காட்டுக்குள் அமெரிக்கப் போதகர் ஜிம் ஜோன்ஸின் கூட்டத்தில் 900 பேருக்கு மேல் செத்துப்போன கதை. கல்ட், அதாவது ஒரே தலைவர் பிடியில் அடைந்துகிடக்கும் கூட்டம், என்றார்கள். அப்போது என் போன் மினுங்கியது. திரையில் தாத்தா: வெள்ளைத் தலைப்பாகை, சட்டையில்லாத மார்பு, நெற்றியில் சுடர் மாதிரி நீள நாமம். எதிரில் இருந்த பையன் எட்டிப் பார்த்து, "இதுவும் கல்ட்டா அக்கா?" என்றான்.

கோபம் வரவில்லை. பதிலும் வரவில்லை.

தாத்தா அய்யாவழிக்காரர், அதாவது அய்யா வைகுண்டர் காட்டிய வழியில் நடப்பவர். நாகர்கோவில் பக்கம் எங்கள் ஊர் நிழல்தாங்கல் என்ற சிறு வழிபாட்டு இடத்தில் ஞாயிறுதோறும் உகப்படிப்பு என்ற வேண்டுதலுக்கு உட்காருவார். கருவறை போன்ற பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான். "உள்ள யாரு மக்கா தெரியுது?" என்று கேட்பார். எனக்கு உயரம் பத்தாது. ஓட்டுக்கூரைதான் தெரியும். "ஓடு தெரியுது தாத்தா" என்பேன். சிரித்துவிட்டுத் தூக்கிக் காட்டுவார்.

ஆனால் 1833இல் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? நோயில் கிடந்த 24 வயது முத்துக்குட்டியைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போகிறார்கள். கடலுக்குள் போனவர் திரும்பி வந்து, தான் இனி வைகுண்டர், நாராயணரின் மகன் என்கிறார். பிறகு அவர் சொல் கேட்டு 700 குடும்பங்கள் வீட்டை விட்டு வாகைப்பதிக் கடற்கரைக்குப் போய்த் துவையல் தவசு இருக்கின்றன. ஒருவேளைச் சாப்பாடு, கடலில் குளி, துணி துவை. என் அத்தை மகள் இப்படி ஒருவர் பின்னால் போனால் நானே போலீசுக்குப் போவேன். அந்தத் தவசுக்கு முன்பே திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் வைகுண்டரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார். லண்டன் மிஷன் பாதிரிமார்களோ தங்கள் வேலைக்கு இடைஞ்சல் என்று எழுதினார்கள்.

இன்று அவர் கடலிலிருந்து வைகுண்டராக வந்த மாசி 20க்குக் குமரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம் லீவு.

காலம் போனால் எதுவும் மதமாகிவிடும் என்று இதை வைத்து முடித்துவிடலாம். ஆனால் ஜிம் ஜோன்ஸ் கதை தலைகீழ். அவர் டிசைப்பிள்ஸ் ஆஃப் கிரைஸ்ட் என்ற அமெரிக்காவின் மதிப்பான சபையில் முறையாகப் பட்டம் பெற்ற போதகர். அவருடைய கூட்டமும் அந்தச் சபையோடு இணைந்த ஒன்றுதான். அங்கீகாரம் கையில் இருந்தது. காட்டுக்குப் போனதும் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். துப்பாக்கிக் காவல் போட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயனோடு கிளம்ப முயன்றவர்களை விமானத் திடலில் சுட்டார்கள். ரயனும் செத்தார்.

வாகைப்பதிக்குப் போனவர்கள் ஊர் திரும்பினார்கள். பனை ஏறினார்கள், பெண் கொடுத்து எடுத்தார்கள், வரப்புச் சண்டை போட்டார்கள். 1851இல் வைகுண்டர் போன பிறகும் தாங்கல்களை அந்தந்த ஊர்க்காரர்களே நடத்தினார்கள். காணிக்கை வேண்டாம் என்பது அவர் சொன்னது. (எங்கள் தாங்கலில் உண்டியல் வந்த வருடம் தாத்தா ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. அவரை யாரும் விலக்கவும் இல்லை.) தாத்தாவின் தங்கை கல்யாணமாகி சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர் ஆனவர். கிறிஸ்துமஸ் கேக் அங்கிருந்து வரும், தாத்தாதான் முதல் துண்டு எடுப்பார்.

தமிழில் 'போலிச் சாமியார்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம், ஆள் மாட்டிய பிறகு திட்ட. மாட்டுவதற்கு முன்னால் சுற்றி நிற்கும் கூட்டத்துக்குச் சொல் இல்லை. என் சித்தப்பா மகன் சென்னையில் ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்தபோது, 'பக்தி அதிகமாயிட்டு' என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டோம். சம்பள ஏடிஎம் கார்டு அங்கே போனது தெரிந்தபோதும் அதே பேச்சுதான்.

தாத்தா இறந்தபோது அவன் வந்தான். கூட இரண்டு பேர். முற்றத்தில் சி.எஸ்.ஐ. பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தார். உள்ளே தாங்கல்காரர்கள் நாமம் இட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தி சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, அந்த இரண்டு பேரைப் பார்த்தான். ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு காரில் ஏறினான்.