லோட் எண் கேட்கிற வரைபடம்

எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் வரைவு உள்ளூர்த் திட்டம் எங்கள் மலேசிய ஊருக்காக மக்கள் பார்வைக்கு வந்ததும் கோயில் புலன (வாட்ஸ்அப்) குழுவில் எழுந்த முதல் கேள்வி, முனியாண்டி கோயிலுக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்பதுதான். ஒன்றும் போடவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயம் (வரிசை வீடுகள்), கோயில், இடுகாடு மூன்றையும் சேர்த்து எதிர்கால வீடமைப்புப் பகுதி என்று ஒரே நிறம் பூசியிருந்தார்கள். இதில் வஞ்சகம் எதையும் நான் பார்க்கவில்லை. நிலப் பதிவேட்டில் அது தோட்ட நிறுவனத்தின் ஒரே பெரிய லோட், அதாவது ஒரே எண் கொண்ட நிலத்துண்டு. அதற்குள் நம் தாத்தா பாட்டியைப் புதைத்த இடத்துக்குத் தனி லோட் எண் கிடையாது.

தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டு நகர, கிராமப்புறத் திட்டமிடல் சட்டப்படி இப்படியொரு வரைவைக் குறைந்தது நான்கு வாரமாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபத்தை எழுத்தில் தரலாம். அரசுத் திட்டமிடல் துறையான பிளான்மலேசியாவின் ஐபிளான் இணையத்தளத்தில் இன்றைய நிலப் பயன்பாட்டையும், எந்தப் பகுதி எதற்கு என்ற மண்டலப் பகுப்பையும் பார்க்கலாம். பார்ப்பதற்குச் சரி. ஆனால் எங்கள் பெரியவர்கள் சொல்ல நினைப்பதை அங்கே எப்படிச் சொல்வது?

அதனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்தின் மேல் இயங்கும் யூமேப் என்ற இலவசக் கருவியில் எங்களுக்கென்று ஒரு வரைபடம் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்துத் தொலைக்காட்சியில் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினால், மூலைக்கு மூலை செம்பனை மட்டை. பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பழகிய தண்டல் தாத்தாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் பழைய ஆலையின் தகரக் கூரை தெரிந்தது. எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தார். "இங்கேதான் பால் நிறுப்பார்கள். இரண்டாவது கால்வாய் தாண்டி மேட்டில் ஏறு. நில். இடுகாடு." விரல் நின்ற இடத்தில் புள்ளி வைத்தோம்.

பிறகு கைப்பேசியோடு நேரில் போனோம். மட்டைகளுக்கு அடியில் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். வானம் தெரியும் இடத்தில் அசையாமல் நின்று குறிக்க வேண்டும். லாலாங் புல்லை விலக்கினால் சிமெண்டு மேடைகள், சிலவற்றில் ஆணியால் கீறிய பெயர்கள். பெயர்களை வரைபடத்தில் ஏற்றவில்லை. எல்லைக்கோடு போதும்.

கோயிலைக் குறிப்பதில்தான் தகராறு. அத்தை நேராகவே கேட்டார்: "தம்பி, அது கம்பெனி நிலம். இத்தனை வருடம் கண்ணில் படாமல் இருந்த சாமியை நீயே காட்டிக்கொடுப்பாயா? நாளைக்கு நோட்டீஸ் ஒட்டினால் யார் பதில் சொல்வது?" அவர் பயத்தை அசட்டுப் பயம் என்று தள்ள என்னால் முடியவில்லை. பட்டா இல்லாத தோட்டக் கோயில்களின் கதி நமக்குத் தெரியாததா? ஆனால் திட்டம் அரசிதழில் ஏறிவிட்டால் அந்த நிலத்தின் பயன்பாடு அதற்கு ஒத்துத்தான் போக வேண்டும். பிறகு கோயில் இருந்ததே தெரியாது என்று எவரும் சொல்லிவிடலாம். அதைவிட இப்போதே காட்டிவிடுவது மேல் என்பது என் கட்சி. வரைபடத்தின் இணைப்பைக் குழுவுக்குள் மட்டும் வைத்துக்கொண்டு, கோயிலை ஆட்சேபக் கடிதத்தில் சேர்ப்பது என்று முடிவானது.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நம் வரைபடத்தில் எத்தனை புள்ளி குத்தினாலும் அது ஆட்சேபம் ஆகாது. ஒவ்வொரு புள்ளிக்கும் லோட் எண்ணைத் தேடி, அங்கே இருப்பது என்ன, எந்த மண்டலமாக மாற்றக் கேட்கிறோம் என்று எழுதி, படத்தை அச்செடுத்து இணைத்துத் தவணைக்குள் கொடுக்க வேண்டும். இளைஞர்கள் புள்ளி குத்த ஓடி வந்தார்கள். படிவம் நிரப்ப ஆள் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மண்டலம் மாறினாலும் நிலம் நம்முடையதாகிவிடாது. பட்டா வேண்டுமானால் நிலச் சட்டத்தின் வழியில் தனியாக நடக்க வேண்டும்.

படிவங்களைக் கொடுத்தாகிவிட்டது. விசாரணைக்கு அழைத்தால் தாத்தாவைத்தான் பேசவைக்கப் போகிறோம். அத்தையும் கையெழுத்துப் போட்டார், இடுகாட்டுப் படிவத்தில் மட்டும்.