பெரியம்மாவின் 12 இலட்சம்

போன மாதம் பெரியம்மாவோடு ஹட்டன் டவுனில் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். குவைத்தில் வேலை செய்யும் அக்கா மாதாமாதம் 60,000 ரூபாய் அனுப்புவார், இந்த முறை தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக் கூரையை மாற்றுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததையும் போட்டு 12 இலட்சத்தை ஒரே தடவையில் அனுப்பிவிட்டார். கவுண்டரில் "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார்கள். அனுப்பினது யார், அங்கே என்ன வேலை, எதுக்கு இவ்வளவு காசு என்று ஒரே கேள்வி. கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் வங்கிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, "நம்மள கள்ளன்னு நினைக்கிறாங்களாய்யா?" என்று பெரியம்மா மெதுவாகக் கேட்டார்.

இல்லை பெரியம்மா. நான் சில வருடம் கொழும்பில் ஒரு வங்கியில் இப்படி வரும் காசைச் சரிபார்க்கிற வேலையைத்தான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

10 இலட்சமோ அதற்கு மேலோ காசாக வந்தாலும் மின்னணு முறையில் வந்தாலும், சந்தேகம் இருக்கோ இல்லையோ, 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டப்படி வங்கி அதை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவித்தே ஆக வேண்டும். அது வெறும் கணக்கு ஒப்படைப்பு. விசாரணை வேறு. உங்கள் கணக்கில் வழக்கமாக என்ன வரும் போகும் என்று கணினிக்குத் தெரியும், அதிலிருந்து விலகினால் ஒரு எச்சரிக்கை எழும்பும். அப்புறம் ஒரு ஆள் உட்கார்ந்து, கணக்குத் திறந்தபோது கொடுத்த தொழில், வருமானம், அனுப்பியவரின் உறவு, காசு வந்த உடனே யாராவது முழுசாக எடுத்துக்கொண்டு போகிறார்களா என்பதையெல்லாம் பார்ப்பார், தேவையென்றால் அந்த நாட்டு வங்கிக்கும் எழுதிக் கேட்பார். பெயர்கள் ஐ.நா. தடைப் பட்டியலோடும் ஒத்துப் பார்க்கப்படும். 2016இல் பங்களாதேஷ் மத்திய வங்கியில் திருடிய காசில் 2 கோடி டொலர் இலங்கைக்கு வந்தபோது மாட்டிக்கொண்டதற்கு, பெறுபவரின் பெயரில் இருந்த ஒரு எழுத்துப் பிழையும் காரணம்.

பதில் பொருந்தாமல் சந்தேகம் உறுதியானால் 2 வேலை நாளுக்குள் அந்த உளவறிதல் பிரிவுக்கு அறிக்கை போக வேண்டும். அப்படிப் போனதை வாடிக்கையாளரிடம் சொல்வது குற்றம். அந்தப் பயத்தில் சாதாரண விசாரிப்புக்கும் கவுண்டர்ப் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள், நம்ம சனங்களுக்கு அது அவமானமாகப் படுகிறது. ஒரு தமிழ் வார்த்தையில் பக்குவமாகச் சொல்லலாமே என்று எனக்கும் கோபம்தான்.

ஆனால் தோட்டத்துப் பக்கம் இன்னொன்று நடக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய பயம். "உங்க எக்கவுண்டுக்கு ஒரு காசு வரும், எடுத்துத் தந்தா பத்துக்கு ஒன்னு உங்களுக்கு" என்று பொடியன்களைக் கேட்கிறார்கள். தயவுசெய்து உங்க எக்கவுண்டைக் கொடுக்காதீங்க, அது திருட்டுக் காசாக இருக்கலாம். பொலிஸ் வரும்போது புத்தகத்தில் இருப்பது உங்கள் பெயர், அந்த ஆள் போனைக்கூட எடுக்க மாட்டான்.

பெரியம்மாவுக்கு அக்காவின் சம்பளக் கடிதத்தையும் ஹார்ட்வெயார் கடையின் தகரக் கணக்கையும் கொடுத்தோம். அதற்குப் பிறகும் ஒரு சிக்கல். அக்கா அனுப்பிய படிவத்தில் பெரியம்மாவின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேற மாதிரி, பிறப்புச் சான்றிதழில் அந்தக் காலத்துத் தோட்டத்துக் கிளாக்கர் எழுதியது இன்னொரு மாதிரி. கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து, மூன்றாம் நாள்தான் காசு கைக்கு வந்தது. அடையாள அட்டையைத் திருத்த அடுத்த வாரம் போகிறோம்.