ஆணிச் செருப்பும் ஐப்பசி மழையும்

மகன் நியூஜெர்சியில் இருந்தால் புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டுப் புல்தரைக்கும் அமெரிக்க வைத்தியம்தான் நடக்கும்.

"அப்பா, இங்க எல்லாரும் புல்லுல ஓட்டை போட்டு விதை தூவுறாங்க. நீங்களும் பண்ணுங்க, இதான் சீசன்."

"ஐப்பசியிலயாடா?"

"ஆமாப்பா, ஃபால், இலையுதிர் காலம்!"

நாலாம் நாள், மகன் இங்குள்ள ஆன்லைன் கடையில் சொல்லிவைத்த பார்சல் வந்தது. ஒரு பாக்கெட் விதை, அடியில் நீள ஆணி வைத்த ஒரு ஜோடி செருப்பு. வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்பா 400 சதுர அடியைச் சுற்றிச் சுற்றி வர, வாசலிலிருந்து அம்மா கேட்டார்: "யாருக்குங்க வேண்டுதல்?"

மகன் சொன்ன வைத்தியம் நல்ல வைத்தியம்தான், அவர் ஊருக்கு. அங்கே வளர்வது டால் ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூகிராஸ், ரை. எல்லாம் குளிர்ப் பருவத்தில் தழைக்கிற சாதி. ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை மண்ணில் சூடு இருக்கும், காற்று குளிரத் தொடங்கியிருக்கும், களைத் தொல்லையும் குறைவு. விதைக்க அதுதான் நேரம். ஐப்பசி பிறப்பதே அக்டோபர் 18 வாக்கில். அது நியூஜெர்சிக்கே லேட்.

இருக்கிற புல்லுக்கு மேலேயே விதை தூவும் மேல்விதைப்புக்கு ஃபெஸ்க்யூ ஆயிரம் சதுர அடிக்கு 4 முதல் 6 பவுண்டு. ரை ஒரு வாரத்தில் தலைகாட்டும், ஃபெஸ்க்யூவுக்கு ஒன்றிரண்டு வாரம், புளூகிராஸுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம். கலவை விதை போட்டவர்கள் வழுக்குவது இங்கேதான். ரை பச்சை கட்டியதும் 'வந்துடுச்சு' என்று தண்ணீரை நிறுத்துவார்கள். அப்போதுதான் முளை விடுகிற புளூகிராஸ் காய்ந்து போகும்.

அங்கே ஓட்டை போடுவதும் ஆணியால் இல்லை. உள்ளீடற்ற குழல் வைத்த இயந்திரம் இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு மண்ணைக் குச்சி குச்சியாய்ப் பிடுங்கி வெளியே போடும். அந்த இடத்தில் காற்றும் நீரும் இறங்கும். ஆணிச் செருப்பு ஒரு பிடி மண்ணைக்கூட வெளியே எடுக்காது. சுற்றியுள்ள மண்ணைப் பக்கவாட்டில் நெருக்கும், அதற்கு மேல் அப்பாவின் 75 கிலோ வேறு. ஈரச் செம்மண்ணில் இதைச் செய்தால் தரை இறுகத்தான் செய்யும்.

விதைக்கு வந்த கதி தனி. ஐப்பசியில் அடைமழை என்று சொல்லிவைத்தது சும்மாவா? முதல் மழையிலேயே பாதி விதை மதில் ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. மிச்சத்தை எறும்பு வரிசை கட்டித் தூக்கிப் போனது.

"சார், எங்க தென்னை மரத்தடியில புது புல்லு ஏதோ ஜோரா வருது, பார்த்தீங்களா?"

அந்த ஜோர் பொங்கல் வரைக்கும்தான். புதுச்சேரியில் தை மாத இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குளிர்ப் பருவப் புல் பங்குனியில் பழுத்து, அக்னி நட்சத்திரத்துக்குள் வைக்கோலாகிவிடும். அசல் அமெரிக்க விதையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம் என்ற யோசனையும் வேண்டாம். 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி விதைக்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் தேவை.

நம் ஊர்த் தரையில் இருப்பது அருகு, அதே இனத்தில் புல்தரைக்கென்று வரும் பெர்முடா, மெக்சிகன் கிராஸ். மூன்றும் வெயில் பிள்ளைகள். இவற்றுக்கு ஓட்டை போட ஆகஸ்டிலிருந்து செப்டம்பர் பாதிக்குள் தோது. சாயங்கால மழை அவ்வப்போது கிடைக்கும், புல் ஓட்டமாய் வளரும், அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் காயம் ஆறிவிடும். கடற்கரையோர போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும் வீடுகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு: திறந்த மண்ணில் இறங்கும் மழை, வருஷமெல்லாம் சேர்ந்த உப்பைக் கீழே கழுவிவிடும்.

இயந்திரம் தேட வேண்டாம். முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப்பை வெல்டிங் பட்டறையில் சாய்வாக வெட்டி, பக்கத்தில் ஒரு பிளவு போட்டு, மிதிக்க ஒரு கட்டை வைத்தால் போதும். பிளவு இல்லாவிட்டால் நாலாவது குத்திலேயே மண் அடைத்துக்கொள்ளும். குச்சி விட்டுக் குடைவதிலேயே காலை போய்விடும். முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் மண் கையில் ஒட்டாத பதத்தில் இறங்குங்கள். ஆழம் 3 அங்குலம், இடைவெளி 4 அங்குலம்.

பிறகு சலித்த மக்கிய தொழுவுரமும் கழுவிய பருமணலும் சரிபாதி கலந்து கால் அங்குலம் பரப்பி, துடைப்பத்தால் ஓட்டைக்குள் தள்ளணும். 400 சதுர அடிக்கு சுமார் எட்டேகால் கன அடி பிடிக்கும். "பீச்ல சும்மாதானே கிடக்கு?" என்று சாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். அள்ளுவது தவறு என்பது ஒரு பக்கம், கழுவிப் போகும் என்று நம்பியிருக்கும் உப்பை நாமே கொட்டின மாதிரி ஆகும்.

சொட்டை விழுந்த இடத்தில் பெர்முடா என்றால் விதை தூவலாம். 400 சதுர அடி மொத்தத்துக்கும் தூவுவதானால் 200 முதல் 400 கிராம். பொடி விதை என்பதால் மணலோடு கலந்து தூவுங்கள், கால் அங்குலத்துக்கு மேல் மூடினால் முளைக்காது. மெக்சிகன் கிராஸை விதை தூவி அல்ல, கொத்து நட்டுத்தான் வளர்ப்பது வழக்கம். ஓரத்தில் அடர்ந்திருக்கும் இடத்திலிருந்து வேரோடு சிறு கொத்தாகப் பிடுங்கி, மூன்று நான்கு அங்குல இடைவெளியில் நட்டு அழுத்தி, மூன்று வாரம் காலை மாலை தெளித்தால் பிடித்துக்கொள்ளும். அதுவரை பேரப்பிள்ளைகளின் கிரிக்கெட் மொட்டைமாடியில் நடக்கட்டும்.