24ஆம் கட்டம்

என் அப்பா சங்கரன்கோவிலில் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை, ஒரு சாய்வு மேசை. யார் என்ன கதையோடு வந்தாலும், "அது இருக்கட்டும், மூலப்பத்திரத்த எடுங்க" என்பார். அழுதுகொண்டு வருகிறவர்களிடமும் அதே பேச்சுதான். ஈரமில்லாத மனுஷன் என்று சின்ன வயதில் அவர்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு.

நான் இப்போது அமெரிக்காவில், டெக்சாஸின் கில்லீன் பக்கம், ஓர் இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் பாராலீகல். வக்கீல் இல்லை. வக்கீலுக்காகக் கோப்புகளைத் தேடிச் சேர்த்து, மனுவின் முதல் வரைவை எழுதித் தருகிற ஆள். ஃபோர்ட் ஹூட் ராணுவ முகாம் பக்கத்திலேயே இருப்பதால் எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் முன்னாள் படைவீரர்கள். வாடகைத் தகராறு, விவாகரத்து எல்லாம் மற்றவர்கள் மேசைக்குப் போகும். என் மேசைக்கு வருவது 'பேட் பேப்பர்' கேஸ்கள். பட்டாளத்திலிருந்து கெட்ட பெயரோடு வெளியேற்றப்பட்டவர்களின் டிஸ்சார்ஜைத் திருத்தச் சொல்லி மனுப் போடும் வேலை. இதை அம்மாவுக்கு போனில் விளக்கியபோது, "வில்லங்கம் நீக்குற வேலைன்னு சொல்லு" என்றாள். அதுக்கு மேல் சரியாக யாரும் சொன்னதில்லை.

படையைவிட்டு விலகும் ஒவ்வொருவர் கையிலும் டிடி 214 என்று ஒரு படிவத்தைக் கொடுப்பார்கள். அதன் 24ஆம் கட்டத்தில் அவருடைய சேவை எப்படிப்பட்டது என்று சில வார்த்தைகள் இருக்கும். 'ஆனரபிள்' என்றிருந்தால் கவலையில்லை. அதற்கு ஒரு படி கீழே 'ஜெனரல்'. அதற்கும் கீழே 'அதர் தேன் ஆனரபிள்'. ராணுவ நீதிமன்றத்துக்குப் போகாமல் நிர்வாக உத்தரவிலேயே இதைக் கொடுத்துவிட முடியும். இன்னும் மோசமான இரண்டு உண்டு, அவை நீதிமன்றத் தண்டனையாக வருபவை. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த மூன்றாவது வகை. படிப்புச் செலவுக்கான ஜிஐ பில் உதவி கிடையாது. முன்னாள் படைவீரர் நலத்துறையான விஏ, இவருக்குச் சலுகை உண்டா இல்லையா என்று தனியாக ஒரு விசாரணை நடத்திப் பார்க்க வேண்டும். அந்த விசாரணையைக் கேட்டுப் பெறலாம் என்றுகூடச் சொல்லாமல் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

என் முதல் கேஸ் தோற்றது. தப்பு என்னுடையது.

வியட்நாம் போய்வந்த பெரியவர், 1971இல் வெளியேற்றப்பட்டவர். செயின்ட் லூயிஸில் உள்ள ஆவணக் காப்பகத்தில் 1973இல் தீப்பிடித்து, 1912 முதல் 1960 வரை ராணுவத்திலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் எரிந்துபோனது. பெரியவர் அந்த வருஷக் கணக்குக்கு வெளியே என்பதால் கோப்பு தப்பியிருந்தது. போர் போன்ற பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்க்கான பிடிஎஸ்டி என்ற பெயரே 1980இல்தான் மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது. 1971இல் அவரை எந்த டாக்டர் பார்த்திருந்தாலும் அந்தப் பெயரை எழுதியிருக்க முடியாது. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 2014 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல் ஒரு சுற்றறிக்கை விட்டார்: பிடிஎஸ்டி சம்பந்தப்பட்ட மனுக்களைத் தாராள மனதோடு பரிசீலியுங்கள் என்று. நான் அந்தத் 'தாராளம்' என்ற சொல்லை நம்பி, அவர் பட்ட பாட்டையெல்லாம் மூன்று பக்கம் உருகி உருகி எழுதினேன். அவர் செய்த தவறைப் பற்றி ஒரே வரி: இரண்டு முறை அனுமதியில்லாமல் முகாமைவிட்டுப் போனார்.

மனுவைப் பரிசீலித்த ராணுவ போர்டிடமிருந்து பதில் வந்தது. நோய் இருப்பதை ஒப்புக்கொள்கிறோம், ஆனால் மனுதாரர் முதல்முறை ஓடிப்போனது வியட்நாமுக்குப் போவதற்கு நான்கு மாதம் முன்பு என்று எழுதியிருந்தார்கள். தேதி கோப்பிலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்குப் போனேன் என்று அப்புறம் கேட்டபோது அவர் சாதாரணமாகச் சொன்னார். முன்கூட்டியே கேட்டு, அதைத் தனியாக, உள்ளபடி எழுதியிருக்கலாம். மறுபடி மனுப் போடலாமா என்றதற்கு, "ஒரு தடவை இல்லைன்னு சொன்னதைக் கேட்டது போதும்" என்று எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதலில் ஒரு நீளத் தாளை எடுத்துக் குறுக்கே கோடு போடுகிறேன். கோட்டுக்கு மேலே அவருக்கு நடந்தது, கீழே அவர் செய்தது, எல்லாம் தேதியோடு. ஆட்கள் கதையை ஆரம்பிக்கும்போது, "இருங்க, அது எந்த மாசம்?" என்று குறுக்கே கேட்பேன். என் குரலில் அப்பா பேசுவது எனக்கே கேட்கும்.

2017 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறையிலிருந்து இன்னொரு சுற்றறிக்கை வந்தது. கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரால் 'கர்ட்டா மெமோ' என்கிறோம். அது எல்லா மனநலப் பிரச்சினைகளுக்கும், தலைக்காயத்துக்கும், படைக்குள் நடந்த பாலியல் கொடுமைகளுக்கும் பொருந்தும். அதில் நான்கு கேள்விகள். தவறின் கனத்தைக் குறைக்கக்கூடிய மனநிலையோ அனுபவமோ இவருக்கு இருந்ததா? பணியில் இருந்தபோதே இருந்ததா? அது இந்தத் தவறை உண்மையிலேயே விளக்குகிறதா? விளக்கினாலும், தவறைவிட அது எடையில் கூடியதா? பலர் முதல் இரண்டுக்கு டாக்டர் சீட்டை நீட்டிவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். கேஸ் நிற்பதும் விழுவதும் மூன்றாவதில்தான். தூக்கம் வராமல் கஞ்சா புகைத்ததைப் பிடிஎஸ்டியோடு சேர்த்துப் பேச முடியும். நோயாளி தனக்குத்தானே மருந்து தேடிக்கொள்வதைக் கணக்கில் எடுக்கலாம் என்று அந்த மெமோவே சொல்கிறது. சகவீரனின் ஏடிஎம் கார்டைத் திட்டமிட்டு எடுத்ததை அப்படிச் சேர்ப்பது கஷ்டம். தாராளம் என்றால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை.

2021 இலையுதிர் காலத்தில் ஒருவர் வந்தார். ஏசி மெக்கானிக்குக் கையாளாக வேலை, வயது நாற்பதை நெருங்கியவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாய்க்கு வாய் 'மேடம்' போட்டார். 2003இல் சேர்ந்தவர், பாக்தாத்தில் ஒரு வருஷம். 2008 பிப்ரவரியில் அதர் தேன் ஆனரபிள், காரணம் தவறான நடத்தை, போதைப் பழக்கம். டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டுக்கு மனுப் போட 15 வருஷக் கெடு, அதில் ஒன்றரை வருஷம்கூட மிச்சமில்லை. கெடு தாண்டினால் டிடி 149 என்ற படிவத்தைப் போட்டு வேறொரு போர்டுக்குத்தான் போக வேண்டும்.

பணிக் கோப்பை செயின்ட் லூயிஸிலிருந்து வரவழைத்தோம். மருத்துவக் கோப்பு விஏ வசம், அதற்கு நான்கு மாதம். வந்த கட்டில் இரண்டு படிவங்கள் கிடைத்தன. ஒன்று 2796, போரிலிருந்து திரும்பியதும் நிரப்புவது. கெட்ட கனவு வருகிறதா, எதையாவது தவிர்க்கிறாயா, எப்போதும் உஷாராகவே இருக்கிறாயா, மனசு மரத்துப்போயிருக்கிறதா என்று நான்கு கேள்விகள். 2006 நவம்பர் தேதியில் நான்குக்கும் 'இல்லை'. "ஆமான்னு போட்டா அங்கேயே நிறுத்தி வெச்சிடுவாங்க மேடம். ஒரு வருஷமா பார்க்காத பொண்டாட்டி கேட்டுக்கு வெளியில நிக்கிறா" என்றார். வீட்டு வாசலில் நிறுத்திவைத்து உனக்கு ஏதாவது உடம்புக்கா என்று கேட்டால் யார்தான் ஆமாம் என்பார்கள்?

இரண்டாவது 2900. திரும்பி மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதே கேள்விகளை மறுபடி கேட்பது. 2007 மார்ச். நான்கில் மூன்றுக்கு 'ஆமாம்'. அடியில், அவரைப் பரிசோதித்தவரின் குறிப்பு: மூன்று மணி நேரம் தூங்குகிறார், இரவில் கத்துவதாக மனைவி சொல்கிறார், மனநலப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. அவர் மனநலப் பிரிவுக்குப் போனதாகக் கோப்பில் ஒரு தாளும் இல்லை. மே மாதம் சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா. ஆகஸ்டில் 11 நாள் காணாமல் போனது. பிப்ரவரியில் வீட்டுக்கு.

என் கோட்டில் இதையெல்லாம் ஏற்றிப் பார்த்தேன். அதற்கு முன்னால் மூன்று வருஷத்துக்கு நன்னடத்தைப் பதக்கம். ஒரு கரும்புள்ளி இல்லை. அப்புறம் இந்தப் பத்து மாதம். நான் சொல்வதற்கு ஒன்றுமே இல்லாமல் தேதிகளே பேசின. மூலப்பத்திரம் கையில் கிடைத்த மாதிரி இருந்தது.

போருக்குப் போய்வந்து பிடிஎஸ்டி என்று கண்டறியப்பட்டவரை இப்படி வெளியேற்றுவதற்கு முன்னால் அந்த நோய்க்கும் தவறுக்கும் தொடர்பு உண்டா என்று மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும் என ஒரு சட்டம் இருக்கிறது. அது 2009 அக்டோபரில் வந்தது. இவருக்கு ஒன்றரை வருஷத்துக்கும் மேல் லேட்.

விசாரணை வீடியோவில் நடந்தது, 2022 டிசம்பரில். இப்படிப்பட்ட கேஸ்களில் போர்டில் ஒரு மனநல நிபுணரோ மருத்துவரோ இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் போர்டில் அப்படி இருந்த அம்மாள்தான் கேட்டார்: "உங்களை மனநலப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்களே, ஏன் போகவில்லை?" என்ன பதில் சொல்வது என்று நாங்கள் ஒத்திகை பார்த்திருந்தோம். அவர் அதைச் சொல்லவில்லை. "அந்தக் கட்டடத்து வாசல் சாப்பாட்டுக் கூடத்துக்கு நேர் எதிரே இருந்தது, மேடம். யார் உள்ளே போறாங்கன்னு எங்க படைப்பிரிவு மொத்தமும் பார்க்கும்" என்றார். அந்த அம்மாள் தலையைக் குனிந்து எதையோ எழுதினார். எங்கள் வக்கீல் மேசைக்கு அடியில் என் காலை மெதுவாக மிதித்தார்.

ஏப்ரலில் முடிவு வந்தது. 24ஆம் கட்டம் 'ஜெனரல்' ஆனது. 28ஆம் கட்டத்தில், வெளியேற்றக் காரணம், 'தவறான நடத்தை (சிறு மீறல்கள்)' என்று மாறியிருந்தது. விஏ கதவு இனிமேல் திறக்கும். ஜிஐ பில் கிடையாது, அதற்கு 'ஆனரபிள்' வேண்டும். ஏசி படிப்பு படித்துத் தனியாக லைசென்ஸ் எடுப்பது அவருடைய திட்டம்.

அலுவலகத்தில் எல்லோரும் கை கொடுத்தார்கள். அவர் புதுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு 28ஆம் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிறு மீறல்கள்" என்று ஒருமுறை சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். "பதினஞ்சு வருஷமா இதுக்கா, மேடம்? நோ பார்க்கிங்ல வண்டி நிறுத்தின மாதிரி இருக்கு."

பழைய தாளை என்ன செய்ய என்று கேட்டார். தூக்கிப் போடாதீர்கள், பத்திரமாக வையுங்கள், மேல்முறையீட்டுக்கு வேண்டியிருக்கும் என்றேன். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறார். டிடி 149 படிவத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.