வெள்ளைக் கோட்டு இல்லாத மேசை

எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்த கையோடு என் வகுப்புத் தோழிகள் வங்கித் தேர்வுக்கும் ஐ.டி. கம்பெனிக்கும் போனார்கள். நான் ஒரு மருத்துவக் கல்லூரியில், சமூக மருத்துவத் துறையில் புள்ளியியல் ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தேன். துறையில் எல்லோரும் டாக்டர்கள், நான் மட்டும் இல்லை. "அப்ப நீங்க யாரு மேடம்?" என்று முதல் வாரமே அட்டெண்டர் கேட்டார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

முதல் வகுப்பு சொதப்பல். நார்மல் பரவலின் சமன்பாட்டைப் போர்டு முழுக்க எழுதினேன். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அடுத்த வகுப்பில் ஒரு கணக்கு மட்டும் கொடுத்தேன். 1000 பேரில் 10 பேருக்கு நோய். டெஸ்ட் நோயாளிகளில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விலக்கும். பாசிட்டிவ் வந்த ஒருவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? "தொண்ணூறு" என்றது வகுப்பு. கட்டம் போட்டோம். நோயுள்ள 10 பேரில் 9 பாசிட்டிவ், நோயில்லாத 990 பேரில் 99 பாசிட்டிவ். ஆக 108 பாசிட்டிவில் நிஜ நோயாளி 9 பேர்தான், பன்னிரண்டில் ஒருவர். கடைசி பெஞ்சில் போன் பார்த்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

உண்மையான வேலை பிஜி மாணவர்கள் தீசிஸோடு வரும்போதுதான். சப்மிஷனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பென் டிரைவும் கையுமாக வருவார்கள். எக்ஸெலைத் திறந்தால் ஒரே கட்டத்தில் "120/80", வயது என்ற இடத்தில் "45 yrs" என்பதைப் பத்து விதமாக எழுதியிருப்பார்கள். "எப்படியாவது சிக்னிஃபிகன்ட் ஆக்கிக் கொடுங்க மேடம்" என்பது மாறாத வேண்டுகோள். அதாவது, கிடைத்த வித்தியாசம் வெறும் தற்செயல் இல்லை என்று கணக்கு சொல்லவேண்டும்.

ஒரு பையன் 50 நோயாளிகளோடு வந்தான். ஏன் 50? "கைடு போதும்னு சொன்னாரு." எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிட நம்மூர்த் தீசிஸ்களில் புழங்கும் 4பிக்யூ சூத்திரத்தைத் தலைகீழாகப் போட்டேன். பாதிப்பு (பி) 20 சதவீதம், மீதி (க்யூ) 80 என்றால் 4 × 20 × 80 = 6400. அதை 50ஆல் வகுத்தால் 128, வர்க்கமூலம் 11 சொச்சம், அதுதான் பிழை அளவு. அதாவது அவன் கண்டுபிடித்த 20 என்பது 9ஆகவும் இருக்கலாம், 31ஆகவும் இருக்கலாம். ஐந்துக்குள் பிழை வேண்டுமென்றால் 256 பேர் தேவை. ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தவன், "இதை முன்னாடியே கேட்டிருக்கலாமோ?" என்றான். அவனைத் திட்ட மனசு வரவில்லை.

அப்புறம் என் பி.எச்டி. பகுதிநேரம், ஆறு வருடம். கோர்ஸ்வொர்க், கட்டணம், கையெழுத்துக்கு அலைந்தது எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான்.

தலைப்பு, காசநோய் சிகிச்சையைப் பாதியில் விடுபவர்கள். பதிவேட்டில் வேறு ஊருக்கு மாறிப் போனவர்களைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டு அழகாக ஒரு வரைபடம் கொண்டுபோனேன். டாக்டரல் கமிட்டியில் வயதான ஒரு பேராசிரியர் கேட்டார்: "ஊருக்குப் போனவங்க எங்கேம்மா?"

நான்காவது மாதம் திருப்பூருக்கு வேலை தேடிப் போன பெண், அதுவரை மாத்திரை சாப்பிட்டாள் என்பது தெரியும், அதன்பின் தெரியாது. தெரிந்த அந்த நான்கு மாதத்தைத் தூக்கி எறியாமல் கணக்கில் வைக்கும் வழியைக் கப்லான், மயர் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1958இல் எழுதிவிட்டார்கள். இப்படித் தகவல் பாதியில் நின்றுபோவதற்குப் பெயர் சென்சாரிங். வீட்டில் சொன்னால் சினிமா என்று நினைக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், போனவர்களும் இருப்பவர்களைப் போன்றவர்களே என்று அந்த முறை எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஊர் மாறுவது பெரும்பாலும் தினக்கூலிக்காரர்கள். மாத்திரையை விடும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகம். எல்லாவற்றையும் திரும்பச் செய்ய எட்டு மாதம் ஆனது.

அந்த நாட்களில்தான் சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மையத்தின் பழைய கட்டுரைகளைப் படித்தேன். வீட்டுச் சிகிச்சையையும், காசநோயாளிகளைத் தங்கவைக்கும் சானடோரியத்தில் தரும் சிகிச்சையையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டு, வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று 1959இல் காட்டியவர்கள். அதில் என்னை இழுத்தது முடிவு இல்லை, நோயாளிகளைக் கைவிடாமல் அவர்கள் பின்தொடர்ந்த விதம்.

பி.எச்டி. வாய்மொழித் தேர்வான வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியும் திருப்பூர் பெண்ணைப் பற்றித்தான். அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் பேசினேன். தொண்டை கட்டிப்போனது, அட்டெண்டர்தான் டீ வாங்கிவந்தார்.